பழைய மரச்சட்ட வீட்டைப் படிப்பது எப்படி: கூரையிலிருந்து தொடங்கும் ஒரு வழிகாட்டி

இங்கிலாந்தின் தென்கிழக்கிலும் கிழக்கிலும் உள்ள கெண்ட், சசெக்ஸ், சஃபோக் பகுதிகளில் பழைய ஊர்த் தெரு ஒன்றில் நடந்தால், செங்கல் முகப்பும் சீரான சன்னல் வரிசையும் கொண்ட 18ஆம் நூற்றாண்டு வீடு என்று நாம் எண்ணிக் கடந்துபோகும் வீட்டுக்குள், 1400களில் ஓக் மரத்தால் எழுப்பப்பட்ட முழுக் கட்டுமானம் ஒன்று இன்றும் பாரம் தாங்கி நின்றுகொண்டிருக்கக்கூடும். செங்கல் அதன்மேல் போர்த்திய சட்டை மட்டுமே. அந்தச் சட்டைக்குள் எத்தனை தலைமுறையின் வெட்டும் ஒட்டும் இருக்கின்றன என்பதைக் கண்டுபிடிக்கும் முறையை, இத்தகைய வீட்டை முதன்முதலாக உற்றுப் பார்க்க விரும்புகிறவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். நீங்கள் அப்படியொரு வீட்டை வாங்கியவராக இருக்கலாம், அருங்காட்சியகத்தில் பார்க்கப் போகிறவராகவும் இருக்கலாம். பார்க்கும் முறை ஒன்றுதான்.

முழுமைக்கும் அடிப்படையான கேள்வி ஒன்று உண்டு. எந்த மரத்துண்டின் முன் நின்றாலும், "இது இப்போது என்ன செய்கிறது?" என்பதோடு நிறுத்தாமல், "இது முன்பு என்ன செய்தது?" என்றும் கேளுங்கள். இரண்டு விடைகளும் பொருந்தாத இடத்தில்தான் வீடு மாற்றப்பட்டிருக்கிறது.

போவதற்கு முன்

ஒளிமிக்க கைவிளக்கு, அளவுநாடா, பென்சில், கட்டம் போட்ட தாள், புகைப்படம் எடுக்க ஒரு கருவி ஆகியவை போதும். கைவிளக்கை நேராகப் பிடிக்காமல் மரத்தின் மேற்பரப்பை உரசினாற்போலச் சாய்த்துப் பிடித்தால், நேர் ஒளியில் தெரியாத கீறல்களும் ஆணித்துளைகளும் நிழலால் எழுந்து தெரியும். கத்தியால் மரத்தைக் குத்திப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். கூரைக்குள் ஏறுவதானால் கட்டைகளின் மேல் மட்டும் கால் வைக்க வேண்டும். அவற்றுக்கு இடையிலுள்ள சுண்ணப்பூச்சு உங்கள் எடையைத் தாங்காது. கூரைக்குள் வௌவால்கள் தங்கியிருந்தால் அவற்றைக் கலைப்பது இங்கிலாந்தில் சட்டப்படி குற்றம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

முதல் வடிவத்தை மனத்தில் நிறுத்துதல்

மாற்றங்களை அறிய வேண்டுமானால் மாறாத வடிவம் முதலில் தெரிந்திருக்க வேண்டும். இடைக்காலத்தின் பிற்பகுதியில் இப்பகுதியில் ஓரளவு வசதியுள்ள குடியானவர் கட்டிய வீட்டின் நடுவில், தரையிலிருந்து கூரை முகடு வரை இடையில் மாடியே இல்லாத உயர்ந்த கூடம் ஒன்று இருந்தது. கூடத்தின் தரையில் அடுப்பு எரிந்தது, புகைபோக்கி கிடையாது. புகை மேலே எழுந்து கூரை இடுக்குகள் வழியாகவும், அதற்கென விட்ட திறப்பு வழியாகவும் வெளியேறியது. கூடத்தின் ஒரு முனையில், முன்வாசலையும் பின்வாசலையும் நேர்க்கோட்டில் இணைக்கும் குறுக்கு நடை. அந்த நடையைத் தாண்டினால் அருகருகே இரண்டு சிறு கதவுகள்; ஒன்றன் பின்னே பானங்கள் வைக்கும் அறையும், மற்றதன் பின்னே ரொட்டியும் உணவுப்பொருளும் வைக்கும் அறையும் இருந்தன. கூடத்தின் மறுமுனை வீட்டுத்தலைவருக்குரியது. அவருடைய மேசையும் இருக்கைப் பலகையும் அங்கே சுவரோரம் இருந்தன. அச்சுவருக்குப் பின்னால் கீழே ஓர் அறையும் மேலே படுக்கையறையும் அமைந்தன. மேல்முனை, கீழ்முனை என்னும் இந்த ஏற்றத்தாழ்வை மறக்காதீர்கள். தச்சர் எந்தப் பக்கத்தை இழைத்து அழகுபடுத்தினார் என்பதை அதுவே தீர்மானித்தது.

இவ்வகை வீடுகளில் பெயர்பெற்றது வீல்டன் வீடு. கெண்டில் மட்டுமே நூற்றுக்கணக்கில் எஞ்சியுள்ள இவ்வீடுகளில், இரு முனை அறைகளின் மாடிகளும் தெருப்பக்கம் துருத்திக்கொண்டிருக்க, நடுக்கூடத்தின் சுவர் மட்டும் உள்வாங்கி நிற்கும்; மூன்றையும் ஒரே கூரை மூடும். சசெக்ஸின் ஆல்ஃப்ரிஸ்டன் ஊரிலுள்ள 14ஆம் நூற்றாண்டுக் குருமார் இல்லம் இவ்வகையைச் சேர்ந்தது. 1896இல், பழங்கட்டடங்களையும் இயற்கை இடங்களையும் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்னும் அமைப்பு 10 பவுனுக்கு வாங்கிய அந்த வீடே அவ்வமைப்பின் கைக்கு வந்த முதல் கட்டடம். அதே சசெக்ஸில் சிசெஸ்டர் நகருக்கு வடக்கே சிங்கிள்டன் என்னுமிடத்தில் உள்ள திறந்தவெளி அருங்காட்சியகத்தில் பேலீஃப் என்னும் குடியானவர் வீடு நிற்கிறது. கெண்டின் சிடிங்ஸ்டோனில் இருந்த அந்த வீடு, நீர்த்தேக்கம் ஒன்றுக்காக இடம் காலிசெய்யப்பட்டபோது, 1960களின் இறுதியில் கட்டை கட்டையாகக் கழற்றப்பட்டு இங்கே மீண்டும் எழுப்பப்பட்டது. பழகத் தொடங்குகிறவர் முதலில் பேலீஃபுக்குள் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு, பிறகு மாற்றங்கள் மிகுந்த வீடுகளுக்குப் போவதே நல்லது என்பது என் கருத்து. கூடத்தின் வெற்றுயரத்தை உடலால் உணர்ந்தவருக்கு, அதைக் குறுக்கே மறித்த மாடி எங்கே இருந்தாலும் உடனே உறுத்தும்.

வெளியிலிருந்து அறியக்கூடியவை

வீட்டைச் சுற்றிலும் நடந்து பாருங்கள். முகப்பு பொய் சொல்லலாம். பின்புறமும் பக்கச்சுவரும் அவ்வளவு எளிதில் சொல்வதில்லை, ஏனெனில் செலவு செய்தவர்கள் தெருவில் தெரியும் பக்கத்துக்கே செலவு செய்தார்கள். செங்கல் முகப்பு பக்கச்சுவரோடு பின்னிக் கட்டப்படாமல் ஒட்டவைத்தாற்போல முடிகிறதா, கூரையின் சரிவு செங்கல் வீட்டுக்குத் தேவையானதைவிடச் செங்குத்தாக இருக்கிறதா, முகப்புச் சன்னல்களின் மட்டமும் உள்ளே மாடியின் மட்டமும் ஒத்துப்போகின்றனவா என்று கவனியுங்கள். தென்கிழக்கில் செங்கல் போலவே தோற்றமளிக்கும் ஓடுகளை மரச்சட்டத்தில் தொங்கவிட்டுச் செங்கல் வீடாகக் காட்டிய முகப்புகளும் உண்டு. சசெக்ஸின் லூயிஸ் நகரில் இவற்றை நிறையக் காணலாம்.

மாடி துருத்தி நிற்கும் பகுதியின் கீழே பிற்காலத்தார் சுவர் எழுப்பி, கீழ்த்தளத்தையும் முன்னுக்குக் கொண்டுவந்திருப்பார்கள். அப்படிச் செய்த வீட்டின் உள்ளே நின்றால், முகப்புச் சுவருக்குச் சற்று உள்ளே தள்ளி, மாடித்தளத்தின் அடியில் காரணமில்லாமல் ஓடும் ஒரு கனத்த உத்தரம் தெரியும். பழைய சுவர் நின்ற இடம் அதுதான். வீல்டன் வீட்டில் இதற்கு இணையான தடயம் மாடியில் கிடைக்கும். உள்வாங்கிய கூடத்தின் முன்னே கூரையைத் தாங்கிய வளைந்த முட்டுக்கட்டைகள், கூடச்சுவரும் முன்னுக்கு நகர்த்தப்பட்ட பிறகு, படுக்கையறைச் சுவருக்குள் சிக்கிக்கொண்டு நிற்கும்.

வெள்ளைச் சுவரில் கருமை தீட்டிய கட்டைகளைக் கண்டு காலம் கணிக்காதீர்கள். ஓக் மரத்தை அப்படிக் கருப்படிப்பது பல ஊர்களில் விக்டோரியா காலத்தில் பரவிய வழக்கம். சஃபோக்கின் லேவனம் ஊரில் இன்று காணப்படும் வெள்ளி சாம்பல் நிறக் கட்டைகளே பழைய தோற்றத்துக்கு அருகில் இருப்பவை.

கூரைக்குள்

வாய்ப்புக் கிடைத்தால் கீழறைகளில் காலம் கடத்தாமல் கூரைக்குள் ஏறுங்கள். கீழே வாழ்ந்தவர்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் எதையாவது மாற்றினார்கள். கூரைக்குள் யாரும் குடியிருக்கவில்லை. அங்கே அழகுபடுத்த வேண்டிய தேவையும் எழவில்லை. ஆகையால் வீட்டின் மிகப் பழைய சான்று பெரும்பாலும் அங்கேதான் தப்பிப் பிழைத்திருக்கும்.

முதலில் கரியைத் தேடுங்கள். தரையடுப்பின் புகை நூறு ஆண்டுகளுக்கு மேல் கூரைக்கு எழுந்திருந்தால், கைமரங்களின் எல்லாப் பக்கங்களிலும் பளபளப்பான கருமை படிந்திருக்கும். விறகடுப்பு எரிந்த பழைய சமையலறைகளின் விட்டங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கருமை புதிதல்ல. தீ விபத்தில் கருகிய மரமும் கறுப்பாகத்தான் இருக்கும், ஆனால் அதன் மேற்பரப்பு சிறுசிறு கட்டங்களாக வெடித்துக் கரியாகியிருக்கும். புகைபடிந்த மரத்திலோ கோடரியின் வெட்டுத்தடம்கூடக் கருமைக்கு அடியில் சிதையாமல் இருக்கும். கருமை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அது சட்டென்று நிற்கும் இடத்தில் கூரை வரை எழுந்த மூடிய தடுப்புச் சுவர் ஒன்று இருந்தது. அதன் ஒரு முகம் கறுத்தும் மறுமுகம் வெளிறியும் காணப்படும். அந்த இரு எல்லைகளுக்கும் நடுவே இருந்ததுதான் கூடம். கருமை படிந்த கைமரங்களுக்கு நடுவே சுத்தமான கைமரம் ஒன்று நின்றால் அது பிற்காலத்தில் மாற்றி வைக்கப்பட்டது. சுத்தமான வரிசையில் கறுத்த கைமரம் ஒன்று நின்றால் அது வேறிடத்திலிருந்து வந்தது. இங்கிலாந்தின் தென்மேற்கில் டெவன் பகுதியில் சில வீடுகளில், கூரை வேய்ந்த வைக்கோலின் அடி அடுக்கே இன்றும் இடைக்காலப் புகைக்கருமையோடு இருக்கிறது. மேலே மேலே வேய்ந்தார்களே தவிர, அடியில் இருந்ததை யாரும் உரிக்கவில்லை.

அடுத்துக் கூரையின் கட்டமைப்பு. தென்கிழக்கின் இடைக்காலக் கூரையில் கைமரங்கள் இணையிணையாக உச்சியில் சேர்ந்து நிற்கும். முகட்டில் நெடுக ஓடும் கட்டை கிடையாது. ஒவ்வோர் இணையையும் நடுவுயரத்தில் ஒரு குறுக்குச் சட்டம் பிணைக்கும். விட்டத்தின் நடுவில் கிரவுன் போஸ்ட் எனப்படும் குட்டைத்தூண் எழுந்து, அந்தக் குறுக்குச் சட்டங்களுக்கு அடியில் நெடுக ஓடும் ஒற்றைக் கிடைக்கட்டையைத் தாங்கும். கூடத்தின் நடு விட்டத்தில் நின்ற குட்டைத்தூண் எல்லாருடைய கண்ணிலும் படும் என்பதால், அதற்கு அடிப்பீடமும் தலைப்பகுதியும் செதுக்கி அழகூட்டினார்கள். இன்று அந்தச் செதுக்கு வேலைப்பாடு இருட்டுக்குள் ஒட்டடையோடு நிற்பதைக் கண்டால், அதற்குக் கீழே ஒருகாலத்தில் மாடி இல்லை என்பது உறுதி. கைமரங்களை இரு பக்கமும் தாங்கும் பக்கக் கிடைக்கட்டைகள் கொண்ட கூரைகள் இப்பகுதியில் பெரும்பாலும் அதற்குப் பிந்தியவை. நாட்டின் மேற்கிலும் நடுப்பகுதியிலும் கட்டும் முறை வேறு. அங்கே வளைந்த மரத்தை நெடுக்காகப் பிளந்து, இரு பாதிகளையும் கவை போல எதிரெதிராகச் சாய்த்து நிறுத்தி, அவற்றின்மேலேயே கூரையை ஏற்றினார்கள். தென்கிழக்கில் அந்த வகையைத் தேடிப் பயனில்லை.

காலித் துளைகளைப் படித்தல்

இந்த வீடுகளில் இரும்பாணிக்கு வேலை குறைவு. ஒரு கட்டையில் துளை வெட்டி, மறு கட்டையின் முனையை நாக்குப்போலச் செதுக்கி உள்ளே செலுத்தி, இரண்டையும் ஊடுருவத் துளையிட்டு மர ஆணி அடித்துப் பூட்டினார்கள். ஆகவே ஒரு கட்டையை எடுத்துவிட்டாலும் அது பூட்டியிருந்த துளை மறுகட்டையில் எஞ்சிவிடும். மாற்றங்களைக் கண்டறிவதில் இதைவிட நம்பகமான சான்று வேறில்லை என்று நான் கருதுவதால், இதில் பொறுமையாக நேரம் செலவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

விட்டத்தின் அடிப்பக்கத்தை விளக்கால் நெடுக வருடுங்கள். நீள்சதுரத் துளைகள் சீரான இடைவெளியில் இருந்தால், அந்த விட்டத்துக்குக் கீழே சிறுதூண்கள் நின்றன. அதாவது அங்கே சுவர் இருந்தது. அவற்றுக்கிடையே வட்டமான சிறு குழிகள் வரிசையாக இருந்தால், அவற்றில் குச்சிகள் செருகப்பட்டு, அக்குச்சிகளில் பிளந்த மிலாறுகள் பின்னப்பட்டு, களிமண்ணும் வைக்கோலும் சாணமும் குழைத்து அப்பப்பட்டன. நம் ஊர்களில் வரிச்சுக் கட்டி மண் அப்பிய சுவர்களைப் பார்த்தவர்களுக்கு இம்முறை எளிதில் விளங்கும். குழிவரிசை எங்கே விடுபடுகிறதோ அங்கே கதவோ சன்னலோ இருந்திருக்க வேண்டும். சாய்சதுர வடிவில் சிறு துளைகள் வரிசையாக வந்தால், அது கண்ணாடி இல்லாத சன்னல்: சாய்சதுரக் கம்பங்கள் செங்குத்தாக நிற்க, உட்புறமாக மரக்கதவு மூடியது. அக்கதவு நகர்ந்த காடியும் அருகிலேயே வெட்டப்பட்டிருக்கும். இன்றைய பெரிய கண்ணாடிச் சன்னல் அதிலிருந்து இரண்டடி தள்ளி இருப்பதைப் பலமுறை காண்பீர்கள்.

துளையே இல்லாத இடமும் பேசும். இன்றைக்கு ஒரு தடுப்புச் சுவர் நிற்கிறது, ஆனால் அதன் மேலே உள்ள விட்டத்தில் துளையோ மர ஆணியோ இல்லை, சுவரின் தூண்கள் வெறுமனே முட்டவைத்து ஆணியடிக்கப்பட்டிருக்கின்றன என்றால், அந்தச் சுவர் பிற்சேர்க்கை. சட்டம் எழுந்த பிறகு புதுக்கட்டையின் நாக்கை இரு முனையிலும் துளைக்குள் செலுத்த இயலாது என்பதே காரணம்.

காலித் துளைகளைக் கண்டதும், "இவை பழைய கப்பலிலிருந்து வந்த மரங்கள்" என்று ஊரார் சொல்வதைக் கேட்பீர்கள். கடலோரத்திலிருந்து வெகுதூரத்திலுள்ள ஊர்களிலும் இக்கதை வழங்குகிறது. பெரும்பாலும் இதற்கு ஆதாரமில்லை. அத்துளைகள் அதே வீட்டில் இருந்து நீக்கப்பட்ட கட்டைகளுக்குரியவை, அல்லது இடிக்கப்பட்ட வேறொரு வீட்டின் மரம் இங்கே மறுபடி பயன்பட்டிருக்கிறது. எதுவென்று அறிய, துளைகளின் இடத்தை ஒரு தாளில் குறித்து, எதிரே உள்ள கட்டையிலும் அதற்கு இணையான துளை இருக்கிறதா என்று பாருங்கள். இணை இருந்தால் மரம் தன் இடத்திலேயே நிற்கிறது.

தச்சரின் எண்களையும் தேடுங்கள். சட்டங்களை முதலில் தரையில் கிடத்திப் பொருத்திப் பார்த்துவிட்டுக் கழற்றி, கட்டுமிடத்தில் மீண்டும் பூட்டினார்கள் என்பதால், ஒவ்வொரு மூட்டுக்கும் உளியால் ரோமன் எண் கீறினார்கள். நான்கு என்பதற்கு நான்கு கோடுகளையே பெரும்பாலும் கீறினார்கள். தலைகீழாகப் படித்தாலும் குழப்பம் வராமல் இருக்க அது உதவியது. எண்கள் ஒழுங்காக ஒன்று, இரண்டு, மூன்று என்று வந்து திடீரென ஐந்துக்குத் தாவினால் ஒரு சட்டகம் காணாமல் போயிருக்கிறது. எண்வரிசை ஓரிடத்தில் புதிதாக ஒன்றிலிருந்து தொடங்கினால், அங்கிருந்து வேறொரு கட்டுமானக் கட்டம் தொடங்கியிருக்கலாம். எண்ணும் மர ஆணியின் தலையும் சட்டகத்தின் அழகிய முகத்தில்தான் இருக்கும். கூடத்தின் உள்சட்டகங்களில் அம்முகம் மதிப்புமிக்க பக்கத்தைப் பார்க்கும்.

புகைபோக்கியும் மாடியும்

இவ்வீடுகளின் வரலாற்றில் மிகப் பெரிய மாற்றம் 16ஆம் நூற்றாண்டிலும் 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் நிகழ்ந்தது. செங்கல் புகைபோக்கி வந்தது. புகை குழாய்க்குள் அடங்கியதும் கூடத்தின் மேற்பகுதி வீணாக விடத் தேவையற்றதாயிற்று. அதன் குறுக்கே மாடி போட்டார்கள். எஸ்ஸெக்ஸில் வாழ்ந்த ஒரு மதகுரு, தம் ஊர் முதியவர்கள் தம் வாழ்நாளில் கண்ட பெரும் மாற்றங்களில் ஒன்றாகப் புகைபோக்கிகள் பெருகியதைச் சொன்னார்கள் என்று 1577இல் எழுதினார். சிலர் இதற்கு இடைப்படியாக, கூடத்தின் ஒரு சிறு பகுதியை மட்டும் தடுத்துப் புகைக்கூண்டாக விட்டு, மீதியில் மாடி போட்டார்கள். அத்தகைய வீட்டின் கூரையில் ஒரு குறுகிய பகுதி மட்டும் மற்ற இடங்களைவிட மிகக் கறுத்திருக்கும்.

புகைபோக்கியை எங்கே நட்டார்கள் என்று பாருங்கள். குறுக்கு நடையிலேயே நட்டிருந்தால், முன்கதவைத் திறந்ததும் எதிரே செங்கல் சுவர் நிற்கும். இருபக்கமும் அறைகளுக்குக் கதவுகள் பிரியும். கூடத்துக்குள் நட்டிருந்தால் நடை அப்படியே தப்பியிருக்கும். புது மாடியைத் தாங்கும் கட்டைகளையும் தொட்டுப் பாருங்கள். இடைக்காலத் தச்சர் மாடிக்கட்டைகளைத் தட்டையாகப் படுக்கவைத்தார். அவற்றின் அகலம் உயரத்தைவிட மிகுதி. பிந்தைய நூற்றாண்டுகளில் அவை குறுகியனவாகி, விளிம்பு கீழிருக்குமாறு நிறுத்தப்பட்டன. ஒரே வீட்டில் முனையறையின் கட்டைகள் தட்டையாகவும் கூடத்தின் கட்டைகள் நிமிர்ந்தும் இருப்பது, மாடி பின்னால் வந்தது என்பதற்குத் தெளிவான அடையாளம்.

பூச்சும் மேற்பரப்பும்

சுவர்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். கட்டைகளின் முகத்தில் சிறு கோடரிக் கொத்தல்கள் நெருக்கமாக இருந்தால், சுண்ணப்பூச்சு பற்றிக்கொள்வதற்காகக் கொத்தப்பட்டவை அவை. மரம் ஒருகாலத்தில் முழுக்க மூடப்பட்டிருந்தது. 19, 20ஆம் நூற்றாண்டுகளில் பழமை தெரிய வேண்டும் என்று அந்தப் பூச்சை உரித்தார்கள். வெளியே தெரிவதற்காகச் செய்யப்படாத கட்டைகளும் அதனால் மழைக்குத் திறந்துவிடப்பட்டன. ரம்பத்தடம் நேர்க்கோடுகளாக இல்லாமல் வளைவாக இருந்தால் வட்ட ரம்பத்தில் அறுத்தது. 19ஆம் நூற்றாண்டுக்கு முந்தியதாக இருப்பது அரிது.

எல்லாவற்றையும்விட எனக்கு வருத்தம் தருவது சிமெண்டுப் பூச்சு. ஓக் சட்டமும் மண்சுவரும் சுண்ணாம்பும் ஈரத்தை வாங்கி வெளிவிடக்கூடியவை. 20ஆம் நூற்றாண்டில் அவற்றின்மேல் சிமெண்டு பூசியபோது, விரிசல் வழியே புகுந்த நீர் வெளியேற வழியின்றி அடிச்சட்டத்தில் தேங்கியது; ஐந்நூறு ஆண்டு நின்ற மரம் சில பத்தாண்டுகளில் உளுத்தது. அடிச்சட்டம் மண்ணோடு மண்ணாகக் கிடக்கும் வீட்டில் முதலில் இதைக் கவனியுங்கள்.

காலத்தை உறுதிசெய்தல்

இதுவரை சொன்னவை முன்பின் வரிசையைத் தரும்; ஆண்டைத் தரா. ஆண்டுக்கு, மரத்தின் ஆண்டு வளையங்களை ஒப்பிட்டுக் காலம் அறியும் மரவளையக் கணிப்பு இருக்கிறது. ஓக் மரத்தை ஈரம் உலராமல், வெட்டிய சில காலத்துக்குள்ளேயே பயன்படுத்தினார்கள் என்பதால், மரம் வெட்டிய ஆண்டு வீடு எழுந்த ஆண்டுக்கு மிக அருகில் இருக்கும். கட்டையில் பட்டையின் விளிம்பு எஞ்சியிருந்தால் வெட்டிய ஆண்டையே சொல்லிவிடலாம். பட்டையடி வெளிர்மரத்தில் ஒரு பகுதி மட்டும் எஞ்சியிருந்தால் இன்ன ஆண்டிலிருந்து இன்ன ஆண்டுக்குள் என்னும் வரம்புதான் கிடைக்கும். அதுவும் செதுக்கி நீக்கப்பட்டிருந்தால் எந்த ஆண்டுக்குப் பிறகு என்று மட்டுமே சொல்ல முடியும். எனவே பட்டை விளிம்புள்ள கட்டைகள் எங்கெங்கே உள்ளன என்று குறித்துவைப்பதே நீங்கள் நிபுணருக்குச் செய்யும் பெரிய உதவி. பேலீஃப் வீட்டில், கூடமும் கீழ்முனையும் 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியையும், மேல்முனை 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் சேர்ந்தவை என்று தெரியவந்தது. ஒரே வீடாகத் தோன்றியது இரண்டு தலைமுறைக்கும் மேற்பட்ட இடைவெளியில் எழுந்த இரண்டு வேலைகள்.

செதுக்கிய ஆண்டெண்ணை எச்சரிக்கையோடு நம்புங்கள். செஷயரில் உள்ள லிட்டில் மோர்ட்டன் ஹாலின் முற்றத்துச் சன்னல்களில், அவற்றை 1559இல் வில்லியம் மோர்ட்டன் செய்வித்ததாகவும், செய்தவர் தச்சர் ரிச்சர்டு டேல் என்றும் பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்த ஆண்டு சன்னல்களுக்குரியது. வீட்டின் கூடம் அதற்கு அரை நூற்றாண்டு முந்தியது. பிறகு தென்பகுதியின் மேல் ஏற்றிய நீண்ட கண்ணாடி மாடத்தின் பாரத்தால் கீழ்ச்சட்டங்கள் நெளிந்தன. அந்த நெளிவை இன்றும் வெளியிலிருந்தே காணலாம்.

வரைந்து முடித்தல்

கடைசி வேலை, கண்டவற்றை ஒரே வரைபடத்தில் சேர்ப்பது. தரைத்தளத்துக்கு ஒன்று, மாடிக்கு ஒன்று, வீட்டின் நீள்வாட்டு வெட்டுத்தோற்றம் ஒன்று என மூன்று தாள்கள் போதும். விட்டங்களுக்கு ஒரு முனையிலிருந்து வரிசையாக எண் கொடுத்து, ஒவ்வொரு விட்டத்தையும் ஒரே முறையில் விவரியுங்கள். பிறகு வண்ணப் பென்சில்களை எடுத்து, முதல் கட்டுமானத்துக்கு ஒரு நிறம், புகைபோக்கிக்கும் மாடிக்கும் ஒரு நிறம், செங்கல் முகப்புக்கு ஒரு நிறம் என்று தீட்டுங்கள். சான்று கிடைக்காத சுவரை நிறமில்லாமல் விடுவதற்குத் துணிவு வேண்டும். ஊகத்தால் நிரப்பிய நிறம் அடுத்து வருகிறவரை வழிதவறச் செய்யும்.

வீடு உங்களுடையதே ஆனாலும், வரைபடம் முடிந்ததும் முதல் வடிவத்தை மீட்கிறேன் என்று 17ஆம் நூற்றாண்டு மாடியைப் பெயர்த்தெடுக்கக் கிளம்பாதீர்கள். பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் உள்ள வீட்டில் அதன் தன்மையைப் பாதிக்கும் வேலையை உள்ளூராட்சியின் ஒப்புதலின்றிச் செய்வது இங்கிலாந்தில் குற்றமாகும், உட்புறத்துக்கும் அது பொருந்தும். அதற்கு முன்பே, 1877இல், வடிவமைப்பாளரும் எழுத்தாளருமான வில்லியம் மோரிஸும் நண்பர்களும் பழங்கட்டடங்களைக் காக்கும் சங்கத்தைத் தொடங்கியபோது, ஒரு காலத்தை மட்டும் உண்மையெனக் கொண்டு மற்றக் காலங்களின் வேலையை அழிப்பதற்கு எதிராகத்தான் குரல் கொடுத்தார்கள். பழுதான கட்டையில் பழுதான பகுதியை மட்டும் வெட்டி, அதே ஓக்கில் புதுத்துண்டைப் பொருத்தி, ஆண்டை அதன் மறைவான பக்கத்தில் கீறிவையுங்கள். உங்கள் வரைபடத்திலும் அந்தத் துண்டுக்கு ஒரு நிறம் கொடுங்கள்.